ஆறு தடவை திரும்பி வந்த பாடம்

நர்ஸ் பள்ளிவாசல் மாடிக்கு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். ஒரு கையில் பூட்டுப் போட்ட தகரப் பெட்டி. இன்னொரு கையில் ஏழாவது முறையாகத் திருத்திய பாடம். மாலைத் தொழுகைக்கான மக்ரிப் பாங்குக்கு இருபதே நிமிடம். அதற்குள் பள்ளிவாசல் நிர்வாகக் குழு கையெழுத்துப் போடாவிட்டால், பெண்பிள்ளைகளுக்கான உடல்நல வகுப்பு அடுத்த வருஷம்தான்.

அதுவரை பொறுக்க முடியுமா? ஆறு மாதம் முன்பு, அவள் இந்த ஊருக்கு வந்த புதிதில், பதினோரு வயதுக்காரி ஒருத்தி மதரஸா கழிவறையில் தாழ் போட்டுக்கொண்டு, தனக்கு ஏதோ பெரிய வியாதி என்று அரை நாள் அழுதாள். நைச்சியமாகப் பேசித் தாழைத் திறக்க வைத்தவள் நர்ஸ்தான். “அம்மாவக் கூப்பிடட்டுமாடா?” என்றதும் அழுகை இரண்டு மடங்கானது. யார் வீட்டுப் பிள்ளை என்று நர்ஸ் தோண்டித் துருவவில்லை.

மாடி அறையில் இமாமும் குழுவினரும் சூழ உட்கார்ந்திருந்த செயலாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். இரும்புக்கடைக்காரர். ஆறு தடவை பாடத்தைத் திருப்பி அனுப்பிய புண்ணியவான்.

“இந்தத் தடவை என்ன மாத்தியிருக்கீங்க சிஸ்டர்?”

“படம் வேணாம்னீங்க, எடுத்துட்டேன் பாய். ஆம்பள டாக்டர் வேணாம்னீங்க, இமாம் வீட்டம்மாவே பேசுறாங்க. மார்க்கம் சொல்ற குளிப்புச் சட்டத்துல தொடங்குங்கன்னீங்க, தொடங்கியாச்சு. இனி அட்டைய மாத்துறதுதான் பாக்கி!”

இமாம் தாடிக்குள் சிரித்தார். “மாதவிலக்குச் சட்டமெல்லாம் நம்ம மார்க்கக் கிதாபுல விலாவாரியா இருக்கு பாய். வெக்கம் கிதாபுக்கு இல்ல, நமக்குத்தான்.”

செயலாளர் இமாம் பக்கம் திரும்பினார். “அதுக்கில்ல ஹஜ்ரத். ஒன்பதாம் பக்கம், குழந்தை எப்படி உண்டாகுதுங்கிறது... ரொம்பச் சுருக்கமா இருக்கே. பிள்ளைக்கு எப்படிப் புரியும்?”

நர்ஸ் பக்க ஓரத்தில் குறித்துக்கொண்டாள். வெட்டச் சொல்வார் என்று பார்த்தால் வளர்க்கச் சொல்கிறார்!

பெட்டியைத் திறந்தாள். பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போடச் சொல்லி, கிளினிக் வாசலில் ஒரு மாதம் வைத்திருந்த பெட்டி. இமாம் ஒவ்வொரு சீட்டாகப் படித்தார்.

“‘இதையெல்லாம் கல்யாணத்துக்கு முதல் நாள் சொன்னா போதாதா?’ கூட வந்தவங்க போல, அதுக்குக் கீழேயே வேற கையெழுத்து: ‘எனக்கு அன்னிக்கும் யாரும் சொல்லல!’”

அறையே சிரித்தது. அடுத்த சீட்டில் இமாமின் குரல் இறங்கியது.

“‘ஒவ்வொரு பிள்ளையும் தாயோடு வர வேண்டும், தாய் கையெழுத்திட வேண்டும் என்று போட்டிருக்கிறீர்கள். தாய் இல்லாத பிள்ளை யாரோடு வரும்?’”

நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள். யாரும் கேட்காமல், மரியாதையாக இருக்கட்டுமே என்று அவளே சேர்த்த விதி அது. மற்றவர்கள் ஏனோ தலை குனிந்துகொண்டார்கள்.

“அந்த வரிய அடிச்சிருங்க” என்றார் செயலாளர்.

“அடிச்சிடுறேன் பாய். யாருன்னு தெரிஞ்சா நானே அவங்க வீட்டுக்குப் போய்ப் பேசுறேன்.”

அவர் பேனாவை எடுத்தார். அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த சேர்க்கைப் பாரம் ஒன்றை எடுத்து நீட்டினார். வயது: பதினொன்று. தாயின் கையெழுத்து என்ற இடத்தில் அவருடைய கையெழுத்து. எழுத்தெல்லாம் அச்சு அசல் அந்தச் சீட்டின் எழுத்து.

“எம்மகளோட அம்மா மவுத்தாகி ரெண்டு வருஷமாச்சு. ஆறு தடவையும் நான் குத்தம் கண்டுபிடிக்கப் படிக்கல சிஸ்டர். நாமளே சொல்லிருவோம்னு மனப்பாடம் பண்ணிட்டு அவ முன்னாடி உக்காருவேன். வாய் வராது. பாடம்தான் சரியில்லைன்னு உங்களுக்குத் திருப்பி அனுப்பிருவேன்.”

கீழே பாங்கு ஒலித்தது. எழுந்தவர் கதவருகே நின்றார்.

“அன்னிக்கு மதரஸாவுல தாழத் திறக்க வெச்சது நீங்கதானாமே... அவதான் சொன்னா.”