வெடிக்காத வேனுக்கு ஒரு மறுப்பு

குண்டு வெடித்து மூன்று மணி நேரம்கூட முழுதாக ஆகவில்லை, அரசு கையைக் கழுவிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை, வேலைநிறுத்தக்காரர்கள் கூடியிருந்த பேருந்து நிலையத்தில் பதினொரு பேர் செத்துப்போனார்கள். அரசே ஆள் வைத்துச் செய்ததென்று ஊரெல்லாம் முணுமுணுப்பு. 'வேனில் வெடிமருந்து கொண்டுவந்த கயவர்களுக்கும் அரசுக்கும் எள்ளளவும் தொடர்பில்லை' என்றது மறுப்பறிக்கை.

வேன் என்று யாருமே சொல்லவில்லை. குண்டு இருந்தது பெஞ்சுக்கடியில், ஒரு தோள்பையில்.

வாரப்பத்திரிகை ஒன்றில் இப்படிப்பட்ட அறிக்கைகளை வரிவரியாகப் பிரித்துப் பார்ப்பதுதான் சின்னவளின் வேலை.

"அவசரத்துல உளறிட்டானுங்க. நாலு வரி கிண்டல் பண்ணி அனுப்பிடும்மா" என்றார் ஆசிரியர்.

"உளறல் மாதிரி தெரியல சார்."

"பின்ன?"

சின்னவள் அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தாள். அந்த வேனைப் படித்ததிலிருந்து அவளுக்கு ஒரு டம்ளர்தான் கண்ணில் நின்றது.

சின்ன வயதில், பள்ளி விட்டு வந்ததற்கும் அம்மா வேலையிலிருந்து திரும்புவதற்கும் நடுவே, வீடு அவளுக்கும் அக்காவுக்கும்தான் சொந்தம். எந்தக் குறும்புக்கும் அக்கா முதலில் பொய்யைத்தான் தயார் செய்வாள். "பொய் கையில இருந்தா தப்பு பண்ண பயமே இருக்காதுடி" என்பாள். ஒருநாள் மேல்தட்டு பிஸ்கட் டப்பாவுக்காக நாற்காலியில் ஏறினாள். பக்கத்திலிருந்த கண்ணாடி டம்ளர் விழுந்தால் சொல்லவேண்டியதையும் ஒப்பித்து வைத்திருந்தாள். முறிந்தது நாற்காலிக் கால். அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "டம்ளர நான் உடைக்கலம்மா" என்றாள் அக்கா. டம்ளர் தட்டில் குத்துக்கல் மாதிரி நின்றிருந்தது. அம்மா தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். மூன்று பேரும் சிரித்து ஓய்ந்தபோது வெளியே இருட்டியிருந்தது. விளக்குப் போட ஒருத்தருக்கும் மனம் வரவில்லை. அதன்பின் அக்காவுக்கு வீட்டில் பெயரே டம்ளர்தான்.

அக்கா இப்போது அரசின் செய்தித்துறையில் இருக்கிறாள்.

வியாழன் மதியம் சின்னவள் அவள் வீட்டுக்குப் போனபோது, அக்கா கட்டிலில் துவைத்த துணியைக் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"லீவா?"

"தலவலி. அந்தத் துணிய நகர்த்திட்டு உக்காரு."

"மறுப்பு நீ எழுதினதா?"

"எங்க செக்‌ஷன்ல ஆறு பேர் எழுதறோம்."

"நான் அத கேக்கல, டம்ளர்."

அக்காவின் உதட்டோரம் சிரிப்பு வந்தது. வந்த வழியே போய்விட்டது.

"நீ எழுதினா என் வேல போயிடும். வேலயோட போனா பரவால்ல."

"தெரியும்."

"தெரிஞ்சுமா வந்த?"

"எழுதலன்னா, செத்தவங்க வீட்டுல எல்லாரும் ஏதோ கைதவறி எழுதிட்டாங்கன்னு விட்டுடுவாங்கக்கா."

"அம்மா இருந்தா என்ன சொல்லியிருப்பா?"

"இந்தத் தடவ சிரிச்சிருக்க மாட்டா."

அக்கா ஒரு சட்டையை மடித்தாள். பிரித்தாள். திரும்ப மடித்தாள். ஜன்னலை எழுந்து சாத்திவிட்டு வந்து, தங்கையின் பக்கத்தில் தோள் உரச உட்கார்ந்தாள், சின்ன வயதில் உட்கார்வதுபோல.

"வேன்லதான் வெடிக்கும்னு சொன்னாங்க" என்றாள். "எங்கிட்ட அத எழுதி வாங்கினது திங்கக்கிழம."