கோழிக்கறியில் ஒரு முடி

எங்கள் கோழி ஆலையில் வலைத்தொப்பி இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி மூன்று வருடமாகியும் முடி முளைக்காத வெர்லீனும் போட்டுக்கொள்வாள். ஆறு மாதத்தில் வளர்ந்துவிடும் என்று முதலில் சொன்னார்கள். அதை நம்பிப் பழைய சீப்பைப் பத்திரமாக வைத்திருந்தாள். போன வாரம்தான் வேறொரு மருத்துவர், இனி வராது என்று சொல்லிவிட்டார்.

அன்று காலை, கட்டிய பொட்டலம் ஒன்றில் நீளமாக ஒரு முடி கிடந்தது. மேற்பார்வையாளன் டுவேன் பொட்டலம் கட்டும் வரிசையை நிறுத்தினான்.

"யாரோடது இது?"

என் பக்கத்தில் நின்ற வெர்லீன் கையைத் தூக்கினாள்.

"என்னோடது."

எதிர்வரிசையில் லாமர் சிரித்தான். "மிஸ் வெர்லீன், உங்க தலை உரிச்ச கோழி மாதிரில்ல இருக்கும்!"

"நேத்துதான்டா முளைச்சுது. உனக்கென்ன வலி?"

சொல்லிவிட்டு வலையைக் கழற்றினாள். காதோரம் பூனைமுடிபோல ஏதோ கொஞ்சம் இருந்தது. மற்றதெல்லாம் வெறும் தோல். லாமரின் சிரிப்பு நின்றது.

டுவேன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சரிங்க, மிஸ் வெர்லீன். உங்களோடதுதான். மூணு நாள் வேலைக்கு வராதீங்க."

உடை மாற்றும் அறைவரை அவளோடு போனேன். "ஏன்டி இப்படிப் பண்ணினே?"

அவள் அந்த முடியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தாள்.

"முடி கொட்டுதுன்னு திட்டு வாங்கி ரொம்ப நாளாச்சுடி."