சாவி என்னிடம் இருந்த புதன்கிழமை

பெற்றவர்கள் எனக்கு வைத்த பெயர் முகாமில் யாருக்கும் தெரியாது. 'பத்து நிமிஷம்' என்றால்தான் தெரியும். வீட்டுக்குப் பேசும் போன் என் பொறுப்பில் இருந்தது. ஒரு தகர அறை, அதில் ஒரு மேஜை, செயற்கைக்கோள் போன், அலாரம் கடிகாரம், நோட்டு. ஆளுக்கு வாரம் பத்து நிமிடம். அலாரம் அடித்துவிட்டால் கொஞ்சலோ சண்டையோ பாதியில் நிற்க வேண்டியதுதான். இருநூறு குடும்பங்களின் ரகசியம் என் காதில் விழுந்திருக்கிறது, ஒன்றைக்கூட வெளியே விட்டதில்லை. அதைப் பாராட்ட ஆளில்லை. கறார்ப் பேர்வழி என்று திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

போர் என்றதும் ஊரில் இருப்பவர்கள் துப்பாக்கியை நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் நாளில் பாதி மணல் மூட்டை நிரப்புவதில் போனது, மீதி வரிசையில் நிற்பதில் போனது. சாப்பிட வரிசை, குளிக்க வரிசை, பேச வரிசை. மகளின் முதல் பல்லையும் தங்கையின் கல்யாணத்தையும் என் மேஜையில் உட்கார்ந்து காதால் பார்த்தவர்கள்தான் எல்லோரும்.

போன் அறைக்கு ஒரு விதி உண்டு. எங்களில் ஒருவர் இறந்தால் உடனே பூட்டிவிட வேண்டும். அதிகாரிகள் நேரில் போய் அந்த வீட்டில் சொல்லி முடித்த பிறகுதான் திறக்கலாம். செய்தி அக்கம்பக்கத்து வாய் வழியாக அரைகுறையாகப் போய்ச் சேரக் கூடாதே. ஆனால் ஊரில் எங்கள் குடும்பங்கள் தங்கியிருந்த ராணுவக் குடியிருப்பில் இருந்த பெண்கள் எங்களைவிடக் கெட்டிக்காரிகள். போன் வரவேண்டிய நாளில் வராவிட்டால் யாரோ ஒருத்தியின் கதவு தட்டப்படப் போகிறது என்று யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டார்கள். கதவு எதுவும் தட்டப்படாமலே போன் அடித்துவிட்டால் வெறும் லைன் கோளாறுதான். அன்றைக்கு எல்லோரும் நிம்மதியாக உலை வைப்பார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை தண்ணி அண்ணன் இறந்தார். முகாமுக்குத் தண்ணீர் லாரி ஓட்டியவர். பேர்தான் தண்ணி அண்ணன், மனிதர் டீகூடத் தொடமாட்டார். தினமும் போகிற அதே சாலையில் எவனோ புதைத்து வைத்திருந்தது வெடித்தது. அரைமணி நேரத்தில் போன் அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டேன். அவருடைய சொந்த ஊர் தூரம் என்றாலும் மனைவி குடியிருப்பில்தான் இருந்தார். மேலிடத்து உத்தரவு வந்து, அதிகாரிகள் கிளம்பி, அங்கே போய்ச் சேர வியாழக்கிழமை காலை ஆகும் என்றார்கள்.

புதன்கிழமை நாலு மணி ஸ்பானருடைய முறை. ஸ்பானர் எங்கள் மெக்கானிக், நகக்கண்ணில் கிரீஸ் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. அவன் அம்மாவுக்கு மறுநாள் காலை இதய ஆபரேஷன். அந்த அம்மாள் பிடிவாதம் பிடித்திருந்தார். மகன் குரலைக் கேட்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று காகிதத்தைத் தள்ளி வைத்துவிட்டாராம். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதெல்லாம் போன வாரப் பத்து நிமிடத்தில் அவன் மனைவி சொல்ல நானே கேட்டது.

அவன் கெஞ்சவில்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டான். நாலு மணி ஆனது, நாலேகால் ஆனது. கெஞ்சியிருந்தால் நாலு வார்த்தை திட்டி அனுப்பியிருப்பேன்.

"எங்க அம்மாகிட்ட மட்டும் பேசறேன். வேற ஒரு வார்த்தை வாயில வராது" என்றான்.

"ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிச் சாவியை எடுத்தேன். வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான் இளகினேன்.

அவன் மனைவியின் எண்ணைப் போட்டான். எடுத்தது அவன் மனைவி இல்லை. அவள் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தாள். போனை வாங்கி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் அம்மாளின் கட்டிலருகே துணைக்கு உட்கார்ந்திருந்தது பக்கத்து வீட்டுக்காரர். தண்ணி அண்ணனின் மனைவி. ஸ்பானருக்கு அவர் பக்கத்து வீடு என்பது எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் என் மர மண்டையில் அது உறைக்கவில்லை.

அந்த போனில் மறுமுனையில் பேசுவது வெளியே நன்றாகக் கேட்கும்.

"தம்பி, போன் வந்துருச்சா? நேத்துலேர்ந்து யாருக்கும் வரலையே, வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தோம். அப்போ ஒண்ணும் ஆகலைல்ல?"

ஸ்பானர் என்னைப் பார்த்தான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"லைன்தான்க்கா கோளாறு" என்றான்.

"அவரு நல்லா இருக்காருல்ல?"

"வண்டி எடுத்துட்டுப் போயிருக்காருக்கா."

அவர் சிரித்தது எங்களுக்குக் கேட்டது. பிறகு அம்மாளிடம் போன் போனது. ஸ்பானர் என்ன பேசினான் என்று கேட்காதீர்கள், அன்று நான் காதைப் பொத்திக்கொண்டேன். அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

கதவைத் திறந்ததை நோட்டில் நானே எழுதி வைத்தேன். அதிகாரி அதைப் படித்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு மணல் மூட்டைக்கு அனுப்பினார். அது தண்டனையாகவே தெரியவில்லை. ஸ்பானரும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம், அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து விடுப்பில் வந்ததும் அந்த அக்காவைப் பார்க்கப் போனேன். வீட்டைக் காலி செய்ய இன்னும் சில வாரம் இருந்தது. கதவு விரியத் திறந்திருந்தது. எதைத் தட்டுவது என்று தெரியாமல் வாசலில் நின்றேன். அவரே பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டார். நான் யார், அன்று கதவைத் திறந்துவிட்டது யார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

அவர் கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பை நீவிக்கொண்டிருந்தார்.

"பக்கத்து வீட்டுப் பெரியம்மா இப்போ மாடிப்படி ஏறுறாங்க. அதுல எனக்குச் சந்தோஷம்தான். அந்தத் தம்பி மேல கோவம் இல்ல, உங்க மேலயும் இல்ல" என்றார். அதற்குப் பிறகு சொன்னார்: "இங்க எல்லாரும், போன் வரலைன்னா, மனசைக் கல்லாக்கிக்கிட்டுதான் கதவைத் திறப்போம். போன் வந்த மறுநாள் காலைல தட்டினப்போ, பால்காரர்னு நெனச்சு நான் சிரிச்சுக்கிட்டே திறந்தேன் தம்பி. என்னைப் பாத்து அந்த அதிகாரியும் பழக்கத்துல சிரிச்சுட்டாரு. அப்புறம்தான் தொப்பியைக் கழட்டினாரு."

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன், அந்த வார்த்தையை அங்கே எடுக்கவே கூசியது. டீ கொடுத்தார், குடித்தேன். கிளம்பும்போது பழக்கதோஷத்தில் கதவை இழுத்துச் சாத்தப் போனேன்.

"சாத்த வேணாம் தம்பி" என்றார் உள்ளேயிருந்து. "தட்டுற சத்தம் கேக்கக் கூடாதுன்னுதான் திறந்தே போட்டிருக்கேன்."