படத்தில் இல்லாத தழும்பு

கண்காட்சிக்கு அக்கா வந்து நிற்பாள் என்று தங்கை எதிர்பார்க்கவே இல்லை.

ஓட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்க்கும் சலவைக்கூடத்தில் அக்காவுக்குப் பதினோரு வருட வேலை. ஒருநாள் அங்கே போய்த் தங்கை எடுத்த படம்தான் இப்போது பரிசு வாங்கி, நடுச்சுவரில் ஆளுயரத்துக்குத் தொங்கியது. பொங்கும் வெள்ளை ஆவிக்கு நடுவில் அக்கா விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். கீழே, 'மேகங்களை மடிப்பவள்' என்று பெயர்ப்பலகை.

படத்தின் முன்னால் கூட்டம். தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. வக்கீலம்மா ஒருத்தி உருகிப் போனாள். "என்ன நிம்மதியான முகம்! இப்படி ஒரு வேலை கிடைச்சா நான் கோர்ட்டுப் பக்கமே போக மாட்டேன்."

"ஆள் எடுத்துக்கிட்டுத்தாம்மா இருக்காங்க, நாளைக்கே வாங்க. யாரும் ரெண்டு நாளைக்கு மேல நிக்கறதில்ல" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அக்காதான். அரைநாள் லீவு போட்டுவிட்டு நல்ல புடவையில் வந்திருந்தாள். வக்கீலம்மா அசடு வழிந்து நகர்ந்தாள்.

அக்கா படத்தை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லாத்தான்டி இருக்கேன்." பிறகு வலது கையைத் தூக்கிப் படத்தோரம் பிடித்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் சுருங்கிப் பளபளத்தது. "ஏன்டி, இது எங்க?"

கண்ணை உறுத்துகிறதே என்று கம்ப்யூட்டரில் அதை அழித்தவள் தங்கைதான். தேய்க்கும் இயந்திரம் அந்தக் கையைக் கவ்வியபோது, நாற்பது நாள் மருந்து தடவிக் கட்டுப் போட்டவளும் அவளேதான்.

"அது... வெளிச்சத்துல சரியா விழலக்கா."

அக்கா முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். இத்தனை வருடத்தில் யார் முன்னாலும் அவள் அந்தக் கையை மறைத்ததில்லை.

தங்கைக்கு முகம் எரிந்தது. நேரே அமைப்பாளரிடம் போனாள்.

"அந்தப் படத்தைக் கழட்டிடுங்க சார்."

"பரிசு வாங்கின படம்மா! பைத்தியமா உனக்கு?"

"பொய்ப் படம் சார் அது. எங்கக்கா கையில இருக்கற தழும்ப நான் அழிச்சிட்டேன்."

நாலு பேர் காதில் விழும்படியே சொன்னாள். சொன்னபோது கொஞ்சம் பாரம் இறங்கியது போலவும் இருந்தது. அமைப்பாளர் ஆள் விட்டுப் படத்தைக் கழற்றவைத்தார்.

வீடு திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"மன்னிச்சிடுக்கா."

"கழட்டுறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்டி" என்றாள் அக்கா. "இன்னும் கொஞ்சநேரம் பார்க்கணும்னு இருந்துச்சு."

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். இறங்கும் இடம் வரும்வரை நிமிரவே இல்லை.