காய்ந்த ப்ளக்

கொல்லையில் நின்ற அப்பாவின் பைக்கிலிருந்து ப்ளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

அப்பா எத்தனை தடவை உதைத்தார் என்பதில் ஆளுக்கொரு கணக்கு. பக்கத்து வீட்டுக்காரர் இருபது என்றார், அத்தை ஐம்பது என்றாள். எதுவானாலும், அத்தனை உதைக்கும் கிளம்பாத வண்டியின் ப்ளக் பெட்ரோலில் நனைந்து சொட்ட வேண்டும். இது வெயிலில் போட்டு எடுத்தது போல இருந்தது.

காலையில் கிக்கரில் கால் வைத்தபடியே வண்டிமேல் சாய்ந்தவரை, பக்கத்து வீட்டுக்காரர்தான் தாங்கிப் பிடித்திருக்கிறார். டாக்டர் வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு எழுந்துகொண்டார். இப்போது அப்பாவின் உடலைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

"பத்து நாள் முன்னாடிதான் கார்பரேட்டரப் பிரிச்சு மாட்டினாளாம். ஊருக்கெல்லாம் வண்டி பாக்கறவ…" அத்தையின் குரல் கொல்லைவரை வந்தது. மீதியை முழுங்கிவிட்டாள்.

அவள் பதினோரு வருடமாக ஒர்க் ஷாப் நடத்துகிறவள். இதே கார்பரேட்டரை அக்கக்காகப் பிரித்து, ஜெட்டுகளை ஊதி, மிதவை தூக்கினால் பெட்ரோலை அடைக்கும் ஊசியைப் புதிதாக மாட்டியிருந்தாள். முதல் உதையிலேயே கிளம்பியது. புது ஊசி சில சமயம் மேலேயே ஒட்டிக்கொள்ளும், பெட்ரோல் இறங்காது. அதுதான் அவள் பயம். நேற்று சாயங்காலம் அப்பா போன் செய்தார்: "தெருமுனை வரைக்கும் போச்சு, பொட்டுன்னு நின்னுடுச்சு. தள்ளிட்டு வந்தேன்." நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தாள்.

கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினாள். உள்ளே ஒரு சொட்டு இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு மிதவையை விரலால் தூக்கி இறக்கினாள். ஊசி வழுக்கிக்கொண்டு வந்தது. எந்த ஒட்டலும் இல்லை.

"எல்லாரும் உள்ள இருக்காங்க. நீ இங்க என்ன பண்ற?"

அண்ணன் வாசற்படியில் நின்றிருந்தான். கண் அழுது வீங்கியிருந்தது. பார்வை மட்டும் அவள் கையிலேயே இருந்தது.

"என்ன கோளாறுன்னு பாக்கறேன்."

"பாக்கறியா, இல்ல உன் கோளாற சரி பண்ணி வச்சுடறியா?"

அவள் குனிந்து அடிக்கிண்ணத்தை மாட்டினாள். அவன் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனான்.

டேங்கை ஆட்டினாள். தளும்பியது. பெட்ரோல் டேப் திறந்திருந்தது. ஆனால் கார்பரேட்டர் பக்கம் பெட்ரோல் டியூபை உருவியபோது ஒன்றும் வரவில்லை. டியூபை விரலால் நீவிக்கொண்டே வந்தாள். நுனிக்குச் சற்று மேலே கெட்டியாகத் தட்டுப்பட்டது. டேப்பை மூடி, கம்பியால் குத்தித் தள்ளினாள்.

பச்சையாக ஒரு துண்டு உள்ளங்கையில் விழுந்தது. முகர்ந்தாள். துணி சோப்பு.

தானாக வந்து உட்காரும் பொருளல்ல. யாரோ டியூபைக் கழற்றி, வைத்து, மறுபடி மாட்டியிருக்கிறார்கள். ஓட்டும்போது அப்பா தலைசுற்றி ஒருமுறை விழப்பார்த்த பிறகு, இனி வண்டியைத் தொடக்கூடாது என்று அவரிடம் சண்டை போட்டவன் அண்ணன். சாவியை ஒளித்து வைத்தவனும் அவன்தான். சோப்பை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, கூடத்தின் ஓரத்திலிருந்து அவனைத் தனியாக அழைத்தாள்.

"வண்டியில கை வச்சியா?"

"நானா? சாவிய ஒளிச்சேன். அவரு வேற சாவி போட்டுக்கிட்டாரு. அதோட விட்டேன்." அவன் குரல் உயர்ந்தது. "அதுல எது எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. பழிய எம்மேல திருப்பாத."

பொய்யில்லை. சைக்கிள் செயின் கழன்றால்கூடத் தெருவில் ஆள் தேடுகிறவன்.

கொல்லைக்குத் திரும்பிக் கையை விரித்தாள். துண்டு ஒரே சீராகச் சீவப்பட்டிருந்தது, கேரட் நறுக்கியதுபோல. போன வருடம் இதே டேங்க் கசிந்தபோது சோப்பைத் தேய்த்து அடைத்தாள். 'பெட்ரோல்ல சோப்பு கரையாது' என்று பக்கத்தில் நின்ற ஒருவரிடம்தான் சொன்னாள்.

நிமிர்ந்தபோது அதைக் கேட்டவள் துவைக்கிற கல்லருகே நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"சரி பண்ணாதன்னு சொன்னேன்ல?" என்றாள் அம்மா. "சாமான் கிடைக்கலன்னு சொல்லி இழுத்தடின்னு எத்தனை தடவ சொன்னேன். ரெண்டே நாள்ல கொண்டாந்து நிறுத்தின."

அவள் உள்ளங்கையை மூடிக்கொண்டாள்.

"நாலு உதை உதைப்பாரு, சலிச்சுப்போய் உள்ள வந்து படுத்துக்குவாருன்னு நெனச்சேன். அடுப்படியில கேட்டுக்கிட்டே இருந்தேன். இதோ நிறுத்திடுவாரு, இதோ நிறுத்திடுவாருன்னு." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "சத்தம் நின்னுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு."

கூடத்தில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அண்ணனும் பின்னாலேயே அத்தையும் வந்தார்கள்.

"வேன் வந்தாச்சு. இந்த வழியாத்தான் கொண்டுபோகணும், வண்டிய எடுங்க," என்றான் அண்ணன். பிறகு, "என்ன, கண்டுபிடிச்சியா?"

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊசி ஒட்டிக்கிச்சு," என்றாள் அவள். "புதுசா மாட்டினது. நான்தான் சரியாப் பாக்கல."

அத்தை உச்சுக்கொட்டினாள். அண்ணன் எதையோ சொல்ல வந்து, தலையை மட்டும் ஆட்டினான். சொன்னது சரியாகப் போனதில் அவனுக்கும் சந்தோஷமில்லை போலிருந்தது.

மூடிய கையோடு அந்தத் துண்டை ஜாக்கெட்டுக்குள் செருகினாள். ஸ்டாண்டை எடுத்து ஹேண்டில்பாரைப் பிடித்தாள். பழைய வண்டி, கனம். அசைந்து கொடுக்காமல் நின்றது சட்டென்று உருண்டது.

திரும்பிப் பார்த்தாள். அம்மா பின்னால் குனிந்து கேரியரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வண்டியைத் துடைக்கக்கூடத் தொட்டதில்லை என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

"நீ விடும்மா, நான் தள்றேன்," என்று அண்ணன் வந்தான்.

அம்மா கையை எடுக்கவில்லை. சுவர்வரை தள்ளி, வண்டி நின்ற பிறகும் எடுக்கவில்லை.