நாலாவது கையெழுத்து

ரதீசன் லண்டன் ரெய்னர்ஸ் லேனில் வீடு வாங்கியதில் எனக்குச் சந்தோஷம் என்றால் அது பச்சைப் பொய். வயிறு எரிந்தது.

அதற்கு முன், ஹவுன்ஸ்லோவில் ஆறு பிளட்டுகள் உள்ள ஒரு மாடிக் கட்டிடத்தில் அவனும் நானும் அயலவர்கள். பிளட் எங்களுடையது, நிலம் வேறொருவருடையது. போன வருடம் அந்த ஆள் நிலத்தை விற்க முடிவெடுத்தபோது, முதல் உரிமை எங்களுக்குத்தான் என்று சட்டப்படி கடிதம் வந்தது. நான்கு பேர் கையெழுத்து வைத்தால் சேர்ந்து வாங்கலாம். ரதீசன் ஓடித்திரிந்து மூன்று கையெழுத்தோடு என்னிடம் வந்தான். பத்திரத்தில், நிலத்தை வாங்க நாங்கள் தொடங்கவேண்டிய கம்பனிக்கு டைரக்டர் என்று அவன் பெயர் இருந்தது.

"எனக்கு ஏலாது," என்றேன்.

"ஏன் அண்ணை?"

"யோசிக்க வேணும்."

யோசிக்க ஒன்றுமில்லை. நேற்று வந்த பொடியனுக்குக் கீழே நான் இருப்பதா? கடிதத்தில் தந்த தவணை முடிந்து, முகம் தெரியாத கம்பனி ஒன்று நிலத்தை வாங்கியது. பால்கனியில் உடுப்புக் காயப்போடக் கூடாதென்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள்.

ரதீசனின் புது வீட்டுக் குடிபூரலுக்கு நானும் மனைவியும் போனோம். நிலத்தோடு சேர்ந்த வீடு. பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. மேற்கே வழியாதா என்று பார்த்து நின்றவன் நான் ஒருவன்தான்.

சாப்பாட்டு மேசையில் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"உன்ர காணி எண்டு நினைக்காதை, ரதீசன். ஆயிரத்து அறுபத்தாறில நோர்மண்டி வில்லியம் வந்து இந்த நாட்டுக் காணி முழுக்கத் தன்ர எண்டு சொல்லிப்போட்டான். வைச்சிருந்த ஆக்களிட்டப் பறிச்சுத் தன்ர ஆக்களுக்குக் குடுத்தான். அவையும் சொந்தக்காரர் இல்லை, ராசாவுக்குக் கீழ வைச்சிருந்தவைதான். இண்டைக்கும் சட்டம் அதுதான். நீயும் ராசாவுக்குக் கீழதான்."

ஒரு கிழமையாக வாசித்துப் பாடமாக்கியது. என் மனைவி வசந்தமலர் மேசைக்குக் கீழே காலை மிதித்தாள்.

ரதீசன் கோபிக்கவில்லை. என் தட்டில் இன்னொரு வடை வைத்தான்.

"இருக்கட்டும் அண்ணை. உங்களுக்குத்தான் நான் நன்றி சொல்ல வேணும். அண்டைக்கு நீங்கள் கையெழுத்து வைச்சிருந்தால் நான் அங்கேயே கிடந்திருப்பன். நீங்கள் ஏலாது எண்ட பிறகுதான் வீடு பாக்க வெளிக்கிட்டனான்."

குத்திக்காட்டவில்லை, மனதாரத்தான் சொன்னான். இருந்தவர்கள் எல்லோரும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். இந்த வீட்டை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவன் நான்தான்.