பிரீனாவுக்கு ஒரு நாற்காலி

1

இந்தக் கதை என் மனத்தில் உதித்ததல்ல. இஸ்ரவேலின் வாயில் உதித்தது. எங்கள் சாரணர் குழுவுக்கு அவர்தான் தலைவர். மெதுவாகக் கற்கும் பிள்ளைகளும் வேகமாக மறக்கும் பிள்ளைகளும் ஒரே அணியில் இருக்கும் குழு. ஆண்டு மலருக்குக் கதை வேண்டுமாம்.

"அண்ணாச்சி, நம்ம பிரீனாவப் பத்தி எழுதுங்க. வாசிக்கவன் கண்ணுல தண்ணி வரணும், கேட்டியளா?"

நான் ஓய்வுபெற்ற நில அளவையர். பணிக்காலம் முழுக்க உள்ளதை உள்ளபடி அளந்த அலுப்பில், இப்போது எதையும் கூட்டித்தான் அளப்பேன். உடனே ஒப்புக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: "கடவுளின் சிறப்புக் குழந்தையான பிரீனா, தன் பிஞ்சு விரல்களால்..."

(அடித்துவிட்டேன். பிரீனாவுக்குப் பதின்மூன்று வயது. போன வாரம் அந்தப் பிஞ்சு விரல்கள்தான் என் சைக்கிள் செயினை மாட்டிக் கொடுத்தன.)

இரண்டாம் தொடக்கம்: "ஆரல்வாய்மொழியில் அன்று மணிக்கு முந்நூறு மைல் வேகத்தில் காற்று..."

(இது இருக்கட்டும். அங்கே போனவர்கள் நம்புவார்கள்.)

3

நடந்தது இதுதான். ஆரல்வாய்மொழிக் கணவாய் அருகே முகாம். பிரீனா கூடாரம் கட்டி முடிச்சுப் போட்டாள். எதையும் சரிபார்க்காமல் அவளால் நகர முடியாது. முடிச்சைச் சரிபார்க்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, அவிழ்த்துப் பார்ப்பது. அவிழ்த்தாள். காற்று அந்த நேரம் பார்த்து வந்தது.

அவள் கூடாரம் போயிற்று. பின்னாலேயே எல்லோருடையதும் போயிற்று, அவிழ்க்காத முடிச்சுகளோடு. இஸ்ரவேலின் கூடாரம் அவருடைய கைலியையும் தூக்கிக்கொண்டு போய், காற்றாலை இறக்கையில் மூன்று நாள் சுற்றியது. (சரி, அரை மணி நேரம். சரி சரி, சுற்றவே இல்லை, முள்வேலியில் தொங்கியது.)

மாலையில் பெரியவர்கள் கூடி ஆராய்ந்தார்கள். மற்றவர்கள் கூடாரம் பறந்ததற்குக் காரணம் காற்று. பிரீனாவின் கூடாரம் பறந்ததற்குக் காரணம் பிரீனா. ஆகவே அடுத்த முகாமில் அவளுக்கு வேலை கிடையாது. மரத்தடியில் ஒரு நாற்காலி. இதற்குப் பெயர் அன்பு.

4

முடிவு (அ): எல்லாக் கூடாரங்களும் பறக்க, பிரீனாவுடையது மட்டும் நிமிர்ந்து நிற்கிறது.

இஸ்ரவேல் வாசித்து மூக்கைச் சிந்தினார். "இது போட்டும் அண்ணாச்சி. இது வந்தா அவள யாரும் நாற்காலியில இருத்த மாட்டாவ."

"நீயும் அங்கதானப்பா நின்ன?"

"நின்னா என்ன? அச்சுல வாறதுதான் நடந்தது."

பிரீனாவிடம் கொடுத்தேன். மெல்ல வாசித்தாள். சரிபார்க்க இன்னொரு முறையும் வாசித்தாள்.

"தாத்தா... எனக்க கூடாரமும் பறந்துல்லா?"

"பறந்துது மக்கா. அப்படி எழுதினா உனக்கு நாற்காலியில்லா போடுவாவ? முகாமுக்குப் போகாண்டாமா?"

"போணும். கூடாரம் கெட்டணும்." தாளை மூன்றாம் முறையும் சரிபார்த்தாள். "அப்ப... இஸ்ரவேல் அங்கிளுக்க நாற்காலி எங்க?"

5

முடிவு (ஆ): கைலி உட்பட எல்லாம் பறந்தது.

இரண்டையும் அச்சகத்தில் கொடுத்துவிட்டேன்; எது மலரில் வருமோ தெரியாது. (அ) வந்தால், பிரீனா செய்யாததைச் செய்ததாகச் சொல்லிக்கொண்டு முகாமுக்குப் போக வேண்டும். (ஆ) வந்தால், இஸ்ரவேல்...

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். அவர் என் பக்கத்து வீட்டுக்காரர்.)

நாற்காலியை யாருக்குப் போடுவது என்று வாசகர்களாகிய நீங்களே தீர்மானியுங்கள். அதற்குமுன் ஒரேயொரு வேண்டுகோள்: ஆரல்வாய்மொழிக்குப் போய் ஒரு கூடாரம் கட்டிவிட்டு வாருங்கள்.